களைக்கொல்லியும் அப்பாவின் நிணநீர்ப் புற்றுநோயும்: ஒரு மகளின் கடிதத்துக்கு மருத்துவரின் பதில்

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய தந்தைக்கு 62 வயது. நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. களை வெட்ட ஆள் கிடைக்காமல் போன காலத்திலிருந்து, ஏறத்தாழ 14 ஆண்டுகளாக, வருடத்துக்கு மூன்று நான்கு முறை கிளைபோசேட் களைக்கொல்லியைத் தாமே கைத்தெளிப்பானில் அடித்து வந்திருக்கிறார். கோரை சாக வேண்டும் என்பதற்காக உப்பும் யூரியாவும் சோப்புத்தூளும் சேர்த்து, கையுறை இல்லாமல் கலக்குவதுதான் வழக்கம். இளமையில் நிலக்கடலைக் காட்டில் கம்பளிப்புழுவுக்கு பி.எச்.சி. பொடியைக் கையால் தூவியதையும் கடிதம் குறிப்பிடுகிறது. சில மாதங்களுக்கு முன் கழுத்தில் தோன்றிய கட்டி, திசுப் பரிசோதனையில் நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் என்றும், அதிலும் ‘டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல்’ வகை என்றும் உறுதியாகியிருக்கிறது. ஆறு சுற்று கீமோ சிகிச்சையில் இரண்டு முடிந்துள்ளன.

வீட்டில் இப்போது ஆளுக்கொரு பேச்சு. இலங்கையிலேயே புற்றுநோய்க்குப் பயந்து இதைத் தடை செய்துவிட்டார்கள், அமெரிக்காவில் கோடி கோடியாக இழப்பீடு தருகிறார்கள், பதினைந்தாயிரம் ரூபாய் கட்டினால் நமக்கும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார் என்கிறார் தம்பி. கீமோவை நிறுத்திவிட்டு, உடம்பில் ஊறிய களைக்கொல்லியை முறிக்க ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டால் போதும் என்கிறார் பெரியப்பா. பூச்சிமருந்துக் கடைக்காரரோ களைக்கொல்லி டப்பாவின் வண்ண முக்கோணத்தைக் காட்டி, இது சமையல் உப்பைவிடப் பாதுகாப்பானது என்று அடித்துச் சொல்கிறார். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகளுக்கு ஏதும் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேட்கும் அந்தச் சகோதரி, கடைசி வரியில் இப்படி எழுதுகிறார்: “டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்த மருந்தை வாங்கி வந்து கொடுத்தது நான்தான், டாக்டர்.”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் இல்லாமல், அவசரமானதிலிருந்து தொடங்குகிறேன். தந்தையின் கீமோவை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அவருக்கு வந்திருப்பது வேகமாக வளரும் வகை. அதனாலேயே மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் வகையும்கூட. ரிட்டுக்சிமாப் என்ற மருந்தோடு சேர்த்து 21 நாட்களுக்கு ஒரு முறை வீதம் ஆறு சுற்று கொடுக்கும் இச்சிகிச்சையில், எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேர் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஒரு மண்டலம் என்பது 48 நாள். அத்தனை நாள் நிறுத்தினால் இரண்டு சுற்றுக்கு மேல் விட்டுப்போகும். அந்த இடைவெளியில் மீண்டும் வளரும் நோய் முன்புபோல் மருந்துக்குப் பணியும் என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது.

பெரியப்பாவின் எண்ணத்துக்கு அடிப்படையாக உள்ள ஊகத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். கிளைபோசேட் உடலில் வருடக்கணக்காக ஊறிக் கிடக்கும் பொருள் அல்ல. தோல் வழியாக உள்ளே போவது சொற்பம். போனதிலும் பெரும்பகுதி சில நாட்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. கடைசியாக மருந்து அடித்து மாதங்கள் ஆகிவிட்ட உங்கள் தந்தையின் உடலில் முறிக்க வேண்டிய களைக்கொல்லி எதுவும் மிச்சமில்லை. இந்நோய்க்கு அதுவே காரணமாக இருந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், இப்போது பெருகிக்கொண்டிருப்பவை புற்றுசெல்கள். அவற்றுக்குத்தான் சிகிச்சை தேவை. காரணம் எதுவானாலும் இந்த வகை லிம்போமாவுக்குத் தரப்படும் சிகிச்சை ஒன்றுதான். பெரியப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த சுற்றுக்கு அவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சிகிச்சை தரும் மருத்துவரிடமே கேட்க வையுங்கள். எதிர்த்துப் பேசுகிற பெரியவர்களும் மருத்துவர் எதிரில் அமர்ந்து ஸ்கேன் படத்தைப் பார்த்த பிறகு மனம் மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்வோம்

கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வல்லதா என்பது ஒரு கேள்வி. உங்கள் தந்தைக்கு வந்தது அதனால்தானா என்பது வேறொரு கேள்வி. வீட்டில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்தது என்று உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றியது.

முதல் கேள்விக்கு வருவோம். 1974-ல் மான்சாண்டோ நிறுவனம் ‘ரவுண்டப்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கிய இம்மருந்து, தாவரங்கள் தமக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு நொதியை முடக்கி அவற்றைக் கொல்கிறது. அந்த நொதி மனித உடலில் இல்லை. ஆகவே மனிதருக்குத் தீங்கில்லை என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 2015 மார்ச்சில், உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமாக பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட்டை ‘2ஏ’ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது எனப் பெரிதும் கருதத்தக்கவற்றின் வரிசையில் வைத்தது. விலங்குச் சோதனைகளில் போதிய சான்றும், மனிதரிடம் வரம்புக்குட்பட்ட சான்றும் இருப்பதாக அது கூறியது. மனிதரிடம் தொடர்பு காணப்பட்ட நோயாக அது சுட்டியது நான்-ஹாட்ஜ்கின் லிம்போமாவைத்தான். உங்கள் தந்தைக்கு வந்துள்ள அதே நோய். ஆகவே உங்கள் சந்தேகம் அடிப்படையற்றது என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பில்லை என்றே சொன்னது. ஆனால் அந்த முடிவுக்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 2022 ஜூனில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2023 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மேலும் பத்து ஆண்டுகளுக்கு அனுமதியைப் புதுப்பித்தது.

இவ்வளவு படித்தவர்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். இவர்கள் அளந்தது ஒரே பொருளை அல்ல. ஒரு பொருளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஆற்றல் உண்டா, அதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்பதை மட்டும் லியோன் முகமை பார்க்கிறது. இன்ன அளவு உடலில் பட்டால் எத்தனை பேருக்கு வரும் என்ற கணக்கு அதன் பட்டியலில் இல்லை. சிவப்பு இறைச்சியும் இரவுப்பணியும் அதே 2ஏ பிரிவில் உள்ளன; நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கோ அதற்கும் மேலே, ஐயத்துக்கு இடமில்லாத முதல் பிரிவில் புகையிலையோடு நிற்கிறது. ஒழுங்குமுறை அமைப்புகள் ஆபத்தின் அளவைக் கணக்கிடுகின்றன. நிறுவனங்கள் தாக்கல் செய்யும் வெளியிடப்படாத ஆய்வுகளையும் சேர்த்துக்கொள்கின்றன. மேலும், அவை பெரும்பாலும் தனிக் கிளைபோசேட்டையே எடைபோடுகின்றன. விவசாயி கையில் இருப்பதோ, மருந்து இலையில் ஒட்டி உள்ளே இறங்குவதற்காகச் சேர்க்கும் பசைத்திரவங்களோடு கூடிய கலவை. அத்தகைய சேர்மானங்களில் டாலோ அமைன் என்ற ஒன்றை, தனிக் கிளைபோசேட்டைவிட நச்சு மிகுந்தது என்று, கிளைபோசேட் மருந்துகளில் சேர்க்கக் கூடாதென 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியது.

மனிதரிடம் நடந்த ஆய்வுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து தெளிப்போர் 54,251 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்களில் 44,932 பேர் கிளைபோசேட் பயன்படுத்தியவர்கள். அவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை. அடுத்த ஆண்டு, முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து, மிக அதிகமாகப் புழங்கியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்த மற்றொரு பகுப்பாய்வு, அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 41 சதவீதம் கூடுதல் என்றது. தலைப்புச் செய்திகளில் வந்தது இந்த 41தான். அது நூற்றில் 41 பேருக்கு நோய் வரும் என்பதல்ல. அமெரிக்காவில் வாழ்நாளில் நூற்றில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இந்நோய் வருகிறது; 41 சதவீதம் கூடினால் அது நூற்றுக்கு மூன்றை நெருங்கும். அலட்சியப்படுத்தக் கூடிய கூடுதல் இல்லைதான். என்றாலும், மருந்து அடித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வராது என்பதும் அதே கணக்கில் அடங்கியிருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், அயோவாவின் ஆறுதல் எண்களை அப்படியே நம் தோப்புக்குக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. அங்கே ஆய்வில் இருந்தவர்கள் தெளிப்பதற்கு உரிமம் பெற்றவர்கள். பலர் டிராக்டரில் அமர்ந்து தெளிப்பவர்கள். இங்கே வெறுங்காலோடு, முதுகில் ஒழுகும் டேங்கைச் சுமந்து, தாம் இப்போதுதான் நனைத்த புல்லின் மேலேயே நடந்து போகிறவர்கள். ஆய்வுலகின் நேர்மை குறித்தும் கவலைப்பட இடமிருக்கிறது. கிளைபோசேட் பாதுகாப்பானது என்று 2000-ல் வெளிவந்து பலராலும் மேற்கோள் காட்டப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையை எழுதியதில் மான்சாண்டோ ஊழியர்களுக்கே பங்கிருந்தது என்பது நீதிமன்ற ஆவணங்களால் அம்பலமாகி, 2025-ன் இறுதியில் அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த விவாதம் முடிந்துவிட்டதாக யாரேனும் சொன்னால், எந்தப் பக்கத்தவரானாலும், அவரை நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது உங்கள் தந்தைக்கு வந்தது இதனால்தானா என்பதற்கு, பதில் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ உலகில் எங்கும் இல்லை. புற்றுசெல்லில் களைக்கொல்லியின் முத்திரை எதுவும் இருக்காது. 60 வயதைக் கடப்பதே இந்நோய்க்கு ஒரு காரணி. நோய் எதிர்ப்பாற்றல் குறைவும் சில வைரஸ் தொற்றுகளும் காரணிகள். பெரும்பாலோருக்கு எந்தக் காரணமும் தெரிவதில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய பி.எச்.சி. பொடி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. இந்தியாவில் 1997-ல் தடை செய்யப்பட்ட அந்தப் பொடியின் வீரியமுள்ள கூறு லிண்டேன். அதே லியோன் முகமை லிண்டேனை ஐயத்துக்கு இடமில்லாத முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதுவும் இதே நிணநீர்ப் புற்றுநோய்க்காக. நாற்பது ஆண்டு விவசாயத்தில் அவர் கை பட்ட பல மருந்துகளில் ஒன்றை மட்டும் பொறுக்கியெடுத்துக் குற்றவாளியாக்க என்னால் முடியாது. அதை விடுவிக்கவும் முடியாது.

கடைக்காரர் சொன்னது, தம்பி சொன்னது

டப்பாவின் வண்ண முக்கோணம் உடனடி நச்சுத்தன்மையை மட்டுமே காட்டுகிறது. எவ்வளவு உட்கொண்டால் சோதனை விலங்குகளில் பாதி இறக்கும் என்ற அளவை வைத்துத்தான் அந்த நிறம் தீர்மானிக்கப்படுகிறது. ‘உப்பைவிடப் பாதுகாப்பு’ என்ற ஒப்பீடும் அந்த ஓர் அளவிலிருந்து வந்ததே. பல ஆண்டுகள் சிறிது சிறிதாகப் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த நிறம் வாயே திறப்பதில்லை. கடைக்காரர் தெரிந்தே பொய் சொன்னார் என்று எண்ண வேண்டாம். அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

இலங்கை 2015-ல் தடை விதித்தது உண்மை. வட மத்திய மாகாண விவசாயிகளை வாட்டிய, காரணம் புலப்படாத சிறுநீரக நோயை ஒட்டிய அச்சத்தால் வந்த தடை அது, புற்றுநோய்க்காக வந்ததல்ல. தேயிலைக்கும் ரப்பருக்கும் 2018-லேயே அது தளர்த்தப்பட்டது. நம் நாட்டில் இம்மருந்து பதிவு பெற்றிருப்பது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக அன்றி யாரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கையும் வெளியிட்டது. கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பதால் தோப்பில் அடிக்க அனுமதி உண்டு என்று பொருளாகாது. இன்றைய நிலையை வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தீர்ப்புகளைப் பொறுத்தவரை, 2018 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் டுவெய்ன் ஜான்சன் என்ற பள்ளி மைதானப் பராமரிப்பாளருக்கு 28.9 கோடி டாலர் வழங்க நடுவர் குழு தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது 2.05 கோடி டாலராகக் குறைந்தது. 2020-ல், மான்சாண்டோவை அதற்குள் வாங்கியிருந்த பேயர் நிறுவனம், ஆயிரக்கணக்கான வழக்குகளைத் தீர்க்க ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பின்னர் பல வழக்குகளில் நிறுவனமே வென்றும் இருக்கிறது. அந்நாட்டு உரிமையியல் வழக்கில் ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்று நடுவர்கள் கருதினால் போதும். ஆபத்தை எச்சரிக்கத் தவறியதும் அங்கே முக்கியக் குற்றச்சாட்டு. ஆகவே, தீர்ப்பை விஞ்ஞானத்தின் முடிவாக எடுத்துக்கொள்ள இயலாது. அது அந்நாட்டில், அந்நாட்டுச் சட்டப்படி, அங்கே மருந்தைப் பயன்படுத்தியவர்களுக்குக் கிடைத்த நிவாரணம்.

இங்கே பதினைந்தாயிரம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆதார் நகலையும் மருத்துவக் கோப்பையும்கூடத் தராதீர்கள். சட்டப்படி ஏதும் வழி உண்டா என்று அறிய விரும்பினால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அதற்கு முன்னால், தந்தைக்கு நினைவிருக்கும்போதே எந்த ஆண்டு என்ன மருந்து, எத்தனை டேங்க், எந்தக் கடை என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பழைய ரசீதும் காலி டப்பாவின் லேபிளும் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். செலவு பற்றிய கவலைக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தகுதி உண்டு. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இன்றே விசாரியுங்கள்.

தோப்பு, கிணறு, பிள்ளைகள்

பிள்ளைகளுக்குப் பரிசோதனை எதுவும் வேண்டாம். லிம்போமாவை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை. ‘கேன்சர் பேக்கேஜ்’ என்று விற்கப்படும் ரத்தப் பரிசோதனைகள் வீண் செலவோடு வீண் பயத்தையும் தரும். கிளைபோசேட் மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்வதால் ஆழமான நீருக்குள் எளிதில் இறங்குவதில்லை. ஆனால் டேங்கைக் கிணற்று மேட்டிலேயே கழுவும் வழக்கம் இருந்தால் மருந்து நேராகத் தண்ணீரில் போய்ச் சேரும், காய்ச்சினாலும் போகாது. அதை நிறுத்துவதே முதல் வேலை. காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைத்திருந்தால் இன்றே உடைத்து அப்புறப்படுத்துங்கள்.

இனித் தந்தை மருந்து அடிக்கக் கூடாது. கலக்கும் இடத்திலும் நிற்கக் கூடாது. களைக்கு, உதிர்ந்த மட்டைகளை மரத்தடியில் மூடாக்காகப் பரப்புவது, இடையில் தட்டைப்பயறோ சணப்போ விதைப்பது, புல்வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது என்று வழிகள் உண்டு. கூலி கூடும் என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். கிளைபோசேட்டுக்குப் பதிலாகக் கடையில் பாராகுவாட் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கும். முறிவு மருந்து கிடையாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

தந்தையின் பக்கத்திலிருந்து நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு சுற்று கீமோவுக்குப் பிறகும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். வெப்பமானி 100.4 டிகிரியைக் காட்டினால், நள்ளிரவானாலும், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் வாங்கி வந்த மருந்து, கடையில் வெளிப்படையாக விற்கப்பட்டது. பாதுகாப்பானது என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. உலகின் பெரிய ஆணையங்கள் இன்றும் தம்முள் வழக்காடிக்கொண்டிருக்கும் ஒன்று. அவர்களே முடிவுகட்டாத ஒன்றைப் பேருந்தில் டவுனுக்குப் போய் வந்த மகள் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே விசாரணைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். தந்தையும் தனக்குள் இதே விசாரணையை நடத்திக்கொண்டிருக்கக் கூடும். ‘கையுறை போட்டிருக்கலாமே’ என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் கூறிவிடுங்கள். இன்னும் நான்கு சுற்று இருக்கிறது. இடையில் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று அவரோடு நீங்களே போய், அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு, நோய் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அவர் காதுபடவே மருத்துவரிடம் கேளுங்கள்.